தமிழில் வைத்தியம் போதித்த சாமுவேல் கிறீன்

அக்டோபர் மாதம் 18-ம் தேதி சுவிசேஷகரான அர்ச். லூக்காஸ் திருநாள். அவர் வைத்தியர் என்பதை அர்ச். சின்னப்பர் தமது நிருபத்திலே குறித்திருக்கிறார். ஆகையால் இம்மாதத்தில் ஒரு வைத்தியருடைய சரித்திரத்தைப் பங்கு மக்கள் அறிந்துகொள்வது நலம்.

நமது நாயுடுபுரத்தில் ஒரு வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மூன்று யோசனைகள் பிறக்கும். பாட்டி கஷாயத்துக்கு அடுப்பு மூட்டுவாள். தகப்பன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவான். தாய் மாதா படத்தண்டை மெழுகுதிரி ஏற்றி ஜெபமாலையைக் கையிலெடுப்பாள். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று விரோதமென்று எண்ணிச் சில வீடுகளில் சச்சரவும் உண்டாகிறது. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

இம்மூன்றையும் ஒரே ஊழியத்தில் சேர்க்கப் பாடுபட்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்கப் பிராட்டஸ்டாண்டு மிஷனைச் சேர்ந்தவர். நம் மலைக்கும் அந்த மிஷனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்கப் போதகர்கள் 1834-ல் மதுரையில் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அந்த மதுரை மிஷனார்தாம் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினவர்கள்.

கிறீன் 1822-ம் வருஷம் அக்டோபர் 10-ம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நாட்டு ஊஸ்டர் நகரில் பிறந்தார். 1845-ல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். சொந்த ஊரிலே சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1847-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, மறு வருஷம் மானிப்பாயில் தம் வைத்தியசாலையை அமைத்தார். நோயாளிகள் கூடினதும் முதலில் வேத வாசகமும் ஜெபமும், பிறகு மருந்து. ஜெபத்தைக் காரணமாகச் சொல்லி மருந்தைத் தாமதிக்கவுமில்லை; மருந்து இருக்கிறதென்று ஜெபத்தை விடவுமில்லை.

தாம் ஒருவரே எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்க முடியும் என்று யோசித்து, ஊர் வாலிபர்களுக்கு வைத்தியம் போதிக்கலானார். ஆரம்பத்தில் இங்கிலீஷிலே போதித்தார். ஆனால் இங்கிலீஷ் படித்தவர்கள் நல்ல சம்பளம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்து ஏழை முன்போலவே கைவிடப்பட்டான். இதைக் கண்ட கிறீன், 1862-ல் தாய்நாடு சென்று திரும்பிய பின், தமிழிலேயே போதிப்பதென்று தீர்மானித்தார். தம் மாணவர் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பதிலும் பிடிவாதமாயிருந்தார்.

புத்தகங்கள் வேண்டுமே! தமிழ் மாணவரைத் துணைகொண்டு தாமே அந்த வேலையில் இறங்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், மனுஷ சுகரணம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. தமிழிலோ வடமொழியிலோ தகுந்த சொல் கிடைத்தால் அதை எடுத்தாண்டார். கிடைக்காவிட்டால் அந்நியச் சொல்லைத் தமிழ் நாவுக்கு இசைத்துக்கொண்டார். ரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வந்தது அப்படித்தான். இவ்விதம் 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வைத்திய சாஸ்திரம் உண்டாயிற்று. 60-க்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களும் அவரிடம் பயின்றார்கள்.

அங்கங்களின் அமைப்பை அறியாமலும், மருந்தின் அளவை அறியாமலும் செய்யும் வைத்தியத்தை அவர் கண்டித்தார். ஆனால் மூலிகையை இகழவில்லை. 1868-ல் வெளியான இந்திய மருந்து நூலில் வேம்பு, நிலவேம்பு, சீந்தில், வசம்பு, ஓமம் முதலிய நம் நாட்டுச் சரக்குகள் சீமை மருந்துகளோடு சரிசமமாக இடம்பெற்றன. அந்நூலையே இந்து பதார்த்த சாரம் என்று தமிழாக்க அவர் உழைத்தார். மூலிகைக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் ஜன்மப் பகையில்லை. மலைக்காய்ச்சலுக்குரிய கொயினாவும் ஒரு மரத்தின் பட்டைதானே! சேசுசபைக் குருக்கள் அதை ஐரோப்பாவில் பரப்பினதால் அது சேசுசபைப் பட்டை என்றே அங்கு வழங்கிற்று.

தேகம் தளர்ந்து 1873-ல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மனுஷ சுகரணம் அச்சானது 1883-ல். மறு வருஷம் மே 28-ம் தேதி, 61-ம் வயதில், காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்று பொறிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பொறிக்கப்பட்டது. அவருக்குப்பின் தமிழ்வழி வைத்தியப் படிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மானிப்பாய் ஆஸ்பத்திரியோ அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது.

மருந்துகளைப் பூமியிலிருந்து உண்டாக்கினவர் ஆண்டவரே. நோயாளி மன்றாடவும் வேண்டும், வைத்தியனுக்கு இடமளிக்கவும் வேண்டும். இது சீராக் ஆகமம் 38-ம் அதிகாரத்தின் போதனை. கிறீன் கையிலிருந்த வேதாகமத்தில் அந்த ஆகமம் சேர்ந்ததல்ல; ஆயினும் அதன்படி நடந்தார். அதைத் திருவாகமமாக ஏற்றிருக்கும் நாம் எப்படி நடக்கிறோம்?

பிரியமான தாய்மாரே, பாட்டியின் கை மருந்தை அலட்சியம் செய்யவேண்டாம். அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கவும் வேண்டாம். வீட்டில் கொடுத்த மருந்து இன்னதென்று டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போங்கள்.