விதை தேடிய வாவிலோவும் நம்மூர் வெள்ளரிப்பழமும்

மாசி, பங்குனியில் படாளத்திலிருந்து வேடந்தாங்கல் போகும் சாலையில் நீங்கள் போயிருக்கலாம். ஏரியில் பறவைகள் குறையத் தொடங்கும் நேரத்தில்தான் இந்தப் பக்கம் வெள்ளரிப்பழம் தலைகாட்டும். பழுத்தால் தானே வெடித்துவிடும். வைக்கோல் சுற்றித்தான் தூக்க வேண்டும். லாரியில் ஏற்றினால் ஊர் போய்ச் சேராது என்பதால் வியாபாரி விரும்புவதில்லை. வீரிய கிர்ணி விதை பாக்கெட்டில் கிடைக்கும்போது, அம்மா சாம்பலில் புரட்டி வைத்த விதை எதற்கு என்று நீங்களும் விட்டிருப்பீர்கள். விடாமல் வைத்திருப்பவர்கள் நிக்கோலாய் வாவிலோவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாவிலோவ் 1887-இல் மாஸ்கோவில் பிறந்தவர். வேளாண்மை படித்துவிட்டு, 1913-இல் இங்கிலாந்து சென்று மரபியல் கற்றார். பயிர்களில் சில நோயைத் தாங்குவதும் சில மடிவதும் ஏன் என்பதுதான் இளம் வயதில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி. பல கோதுமை ரகங்களை அருகருகே விதைத்துப் பார்த்தார். சாம்பல் நோய் பரவியபோது பாரசீகக் கோதுமை என்ற ஒன்று பாதிப்பின்றி நின்றது. விளைச்சலில் பெயர் வாங்காத ரகத்திலும் வேறெங்கும் இல்லாத குணம் ஒளிந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதன்பின் வாழ்நாள் முழுவதும் அலைச்சல்தான். 1916-இல் ஈரானும் பாமிர் மலைகளும், 1924-இல் ஆப்கானிஸ்தான், 1926-27-இல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும், பிறகு சீனா, ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள். 1925-இல் மத்திய ஆசியாவின் கீவா பகுதிக்குப் போய் அங்குள்ள முலாம்பழ வகைகளைக் கண்டு வியந்தார். அவருடைய நிறுவனத்தில் பங்கலோ என்ற விஞ்ஞானி முலாம்பழங்களை வகைப்படுத்துவதையே பெரும் பணியாகச் செய்தார். ஒரு பயிரின் பல வகைகள் எங்கே நெருக்கமாகக் கிடைக்கின்றனவோ அங்கேதான் அதன் பிறப்பிடத்தைத் தேட வேண்டும் என்று வாவிலோவ் 1926-இல் எழுதினார். பின்னர் அவர் விரித்து எழுதிய பட்டியலில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. முலாம்பழ இனம் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டது என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

அவர் நினைத்தது எவ்வளவு சரி என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். 1925-இல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் சாம்பல் நோய் கிர்ணித் தோட்டங்களை அழித்தது. எதிர்ப்புத் திறன் கிடைத்தது இந்தியாவிலிருந்து போன ஒரு முலாம்பழ விதையில். அதைக் கலந்து உருவாக்கிய பி.எம்.ஆர். 45 ரகம் 1936-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டில் நோய்ப் பூஞ்சையின் புதிய பிரிவு ஒன்று அதையும் தாக்கியது. மறுபடியும் இந்திய விதைகளைத் தேடினார்கள்.

இதற்குள் வாவிலோவின் காலம் கெட்டுவிட்டது. மரபியலே பொய் என்று சாதித்த லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. வாவிலோவ் பணியவில்லை. 1940 ஆகஸ்டில், உக்ரைனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு 20 ஆண்டு சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26-இல், தாம் முன்பு பேராசிரியராக இருந்த சரத்தோவ் நகரின் சிறையில், போதிய உணவின்றி நலிந்து இறந்தார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவருக்கு நேர்ந்த கதி இது.

அதே காலத்தில் லெனின்கிராடு நகரை ஜெர்மானியப் படை சுற்றி வளைத்திருந்தது. அவருடைய நிறுவனத்தில் மூட்டை மூட்டையாக விதை இருந்தும் ஊழியர்கள் அதைத் தொடவில்லை. நெல் விதைகளுக்குப் பொறுப்பான இவானோவ், நிலக்கடலையைக் கவனித்த ஷ்சூகின் உட்படப் பலர் பட்டினியால் இறந்தனர். 1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

இனி உங்கள் வீட்டு விதைக்கு வருவோம். வெள்ளரிப்பழத்தின் இனிப்பு பெரும்பாலும் கிர்ணியில் பாதிதான். நாட்டுச்சர்க்கரை தூவிச் சாப்பிடுவது அதனால்தான். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. சதை ஆரஞ்சு நிறமாக இருந்தால் வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டின் கூடுதலாக இருக்கும்; வெள்ளைச் சதையில் மிகக் குறைவு. விதை எடுக்கும்போது பழத்தை அறுத்துச் சதையின் நிறத்தையும் குறித்து வையுங்கள்.

பெயரில் வெள்ளரி இருந்தாலும் இது வெள்ளரிக்காயோடு கலக்காது. இரண்டும் வேறு இனம். கிர்ணி, முலாம்பழம், சுக்காங்காய் ஆகியவற்றோடுதான் தேனீக்கள் மூலம் கலந்துவிடும். சான்று விதைக்கு 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு வழியில்லை என்றால், மறுநாள் மலரப்போகும் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சுள்ள பூவில் தடவி, மறுபடியும் கட்டி, காம்பில் ஒரு வண்ண நூல் முடிந்து வையுங்கள். அந்தப் பழத்தின் விதை மட்டும் வீட்டுக்கு.