காவ்ரில் இலிசாரோவ்

காவ்ரில் ஆப்ரமோவிச் இலிசாரோவ் (ஜூன் 15, 1921 – ஜூலை 24, 1992) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆவார். வெட்டிய எலும்பின் முனைகளை மெதுவாக விலக்கினால் இடையில் புதிய எலும்பு வளரும் என்பதை நிறுவியவர். குட்டையான கால்களை நீட்டும் சிகிச்சை இவர் பெயராலேயே அறியப்படுகிறது.

வாழ்க்கை

போலந்தில் பிறந்து அசர்பைஜானின் குசார் நகரில் வறுமையில் வளர்ந்தார். 1944-இல் கிரிமிய மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்கு சைபீரியாவின் குர்கான் பகுதியிலுள்ள தல்கோவ்கா கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். எலும்பு கூடாமல் முடங்கிய போர்க்காயத்தினர் நாடெங்கும் மிகுந்திருந்த காலம் அது.

கருவி

1950களின் தொடக்கத்தில் தம் கருவியை உருவாக்கினார். காலைச் சுற்றிய உலோக வளையங்களில், எலும்பை ஊடுருவும் மெல்லிய கம்பிகள் சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல இறுக்கிக் கட்டப்படும். வளையங்களை இணைக்கும் தண்டுகளின் மரைகளைத் திருகி எலும்பை நெருக்கலாம், விலக்கலாம். முதலில் நெருக்கவே பயன்பட்டது. நோயாளி ஒருவர் மரையை எதிர்த்திசையில் திருகிவிட, இடைவெளியில் புதிய எலும்பு தென்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. பின்னர் நாய்களில் சோதித்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் விலக்குவதே ஏற்ற அளவு என்றும், அதை நான்கு தடவையாகப் பிரிப்பது நல்லதென்றும் கண்டார். வேகம் கூடினால் எலும்பு உருவாகாது, நரம்புகளும் பாதிக்கப்படும். குறைந்தால் முனைகள் முன்னதாகவே ஒட்டிக்கொள்ளும்.

மாஸ்கோ வல்லுநர்கள் இவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1964 ஒலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் வலேரி புருமெலின் கால் 1965-இல் விபத்தில் நொறுங்கியது. பல அறுவைகள் பலனளிக்காத நிலையில், 1968-இல் இலிசாரோவ் அதைக் குணப்படுத்தினார். புருமெல் மீண்டும் 2 மீட்டரைத் தாண்டினார். 1971-இல் குர்கானில் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது. இத்தாலியப் பயணி கார்லோ மவுரி 1980-இல் அங்கு குணமடைந்த பிறகு, 1981-இல் இத்தாலியில் இலிசாரோவ் ஆற்றிய உரை மேற்குலகின் கவனத்தை ஈர்த்தது.

வளரும் குழந்தைகளும் நீளும் உள்வைப்பும்

எல்லாக் குழந்தைகளுக்கும் இம்முறை போதாது. முழங்காலருகே எலும்புப் புற்று வந்தால், கட்டியுடன் வளர்ச்சித் தட்டும் அகற்றப்படலாம். மறுகால் வளர்ந்துகொண்டே போகும். இழுத்து வளர்க்கப் போதிய எலும்பு இல்லாதபோது, பொருத்தும் உலோக உள்வைப்பே நீள வேண்டும். முன்பு ஒவ்வொரு நீட்டலுக்கும் தசையைக் கீற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கீறலும் தொற்றுக்கு வழியானது. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்து நோயாளியின் அளவுக்கேற்ற உள்வைப்புகளை உருவாக்கினார்.

2002-இல் இங்கிலாந்தில் கீறலின்றி நீளும் உள்வைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. கால் ஒரு சுருள்வளையத்துள் வைக்கப்படும். சுழலும் காந்தப்புலம் உள்ளிருக்கும் காந்தத்தைச் சுழற்ற, பற்சக்கரங்கள் வழியாகத் திருகு நீளும். 1 மில்லிமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம். இங்கு எலும்பு வளர்வதில்லை. எனினும் தசையும் நரம்பும் இழுபடுவதால் ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டரே நீட்டப்படுகிறது. உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க இயலாமை இவ்வகையின் பெருங்குறை. புற்று திரும்புகிறதா என்று கண்காணிக்க வேண்டிய குழந்தைக்கு அது சிறிய இழப்பன்று.