அகஸ்டஸ் டி மோர்கன் (1806 – 1871)

மாணவர்களே, தருக்கப் படலைகள் பற்றிய பாடத்தில் டி மோர்கனின் விதிகளைக் கற்றிருப்பீர்கள். அவர் பிறந்த ஊர் மதுரை என்பது உங்களுக்குத் தெரியுமா? தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்து சென்றது. ஒரு கண்ணில் பார்வையின்றியே வளர்ந்த அவர், கேம்பிரிட்ஜில் பயின்று, 1828 இல் தமது 21 ஆவது வயதில் இலண்டனில் புதிய பல்கலைக்கழகத்தின் முதலாவது கணிதப் பேராசிரியரானார். கணிதம் கற்போர் எங்கெங்கே இடறுகின்றனர் என்பதற்கென்றே 1831 இல் ஒரு நூல் எழுதினார்.

1840 இல் அவருக்கு ஒரு மாணவி கிடைத்தார். அவரே அடா லவ்லேஸ். மூன்று பிள்ளைகளின் தாய். அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. ஆகவே பாடம் பெரும்பாலும் கடிதங்களில் நடந்தது. டி மோர்கனின் அட்சரகணித நூலிலிருந்த ஒரு பயிற்சி அடாவை நெடுநேரம் அலைக்கழித்தது. ஒரு சார்பும் ஒரு சமன்பாடும் தரப்பட்டுள்ளன; சார்பு சமன்பாட்டைத் திருப்தி செய்கிறதெனக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்! தரப்பட்ட சார்பைப் பிரதியிட்டுச் சுருக்கினால் விடை வந்துவிடும். ஆனால் எங்கே தொடங்குவதென்று அடாவுக்குப் புலப்படவில்லை.

இன்று சார்புமுறைச் செய்நிரலாக்கம் பழகுவோர் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். சார்பின் பெயரைக் கண்டு மருளாதீர்கள். பெயருக்குப் பதிலாக அதன் வரைவிலக்கணத்தை எழுதி, வரி வரியாகச் சுருக்குங்கள். பட்டியலின் நீளத்தைக் காணும் சார்பை எடுங்கள். வெறும் பட்டியலுக்கு விடை 0. மற்றையவற்றுக்கு, முதல் உறுப்பை நீக்கியபின் எஞ்சும் பட்டியலின் நீளத்துடன் 1 ஐக் கூட்ட வேண்டும். மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியலுக்கு நான்கு முறை பிரதியிட்டால் 3 கிடைக்கும். தாளில் செய்து பாருங்கள். கணினி பிறகு வரட்டும். எல்லாப் பட்டியல்களுக்கும் இது சரியென நிறுவ உதவுவது கணிதத் தொகுத்தறிவு. அந்த முறை பழையது. அதற்கு இப்பெயரை 1838 இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் வழங்கியவர் டி மோர்கனே.

பிரதியிடத் தடுமாறிய அடா, 1843 இல் பபேஜின் பகுப்புப் பொறி பற்றிய தமது புகழ்பெற்ற குறிப்புகளை வெளியிட்டார். மறு ஆண்டு டி மோர்கன் அடாவின் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் மாணவியின் ஆற்றலை வியந்தார். அதே கடிதத்தில், இத்தகைய கடும் சிந்தனையைப் பெண்ணின் உடல் தாங்காது என்றும் அஞ்சினார். இவ்வளவு பொறுமையாகக் கற்பித்தவரும் தம் காலத்துத் தப்பெண்ணத்தைக் கடக்கவில்லை.

வேறொரு நியமனத்தில் சமய நம்பிக்கை குறுக்கிட்டதென்று கண்டு 1866 இல் பதவியைத் துறந்தார். 1871 மார்ச் 18 இல் காலமானார்.