பாலைவனத்துச் சகோதரர் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாளைத் தமிழகக் கத்தோலிக்க மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். உரோமை புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் நம் மறைசாட்சி தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்திய நாள் அது. அன்று புனிதர்களாக உயர்த்தப்பட்டோர் பதின்மர். நட்டாலம் மண்ணின் மைந்தரது பெயருக்காகவே காத்திருந்த நம் செவிகளில், சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற மற்றொரு பெயர் விழுந்தும் தங்காமல் போயிருக்கலாம். அன்னாரது வாழ்வை இப்பொன்விழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தம் என்று எண்ணினோம். ஏனெனில் அமைதியைத் தேடி நாடு நாடாக அலைந்து, இறுதியில் அதைக் கண்டடைந்தவர் அவர். ஓயாத இரைச்சலில் வாழும் நமக்கு இன்று மிகவும் தேவைப்படுவதும் அந்த அமைதியே.

சார்லஸ் 1858 செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரில் உயர்குடியில் பிறந்தார். ஆறு வயது நிறையுமுன் தாயையும் தந்தையையும் இழந்து, பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே விசுவாசத்தைக் கைவிட்டார். பாட்டனாரின் சொத்து கைக்கு வந்ததும் விருந்து, கேளிக்கை, ஊதாரித்தனம் என்று நாட்கள் கழிந்தன. குதிரைப்படைப் பயிற்சிப் பள்ளியில் தேறியோருள் கடைசி இடம் அவருக்கே கிடைத்தது. நண்பர் கூட்டத்திற்குக் குறைவில்லை; ஆயினும் கூட்டம் கலைந்த பின் உள்ளத்தில் வெறுமையே மிஞ்சியது.

படையிலிருந்து விலகி, யூத குருவைப் போல் வேடம் பூண்டு, 1883, 1884-ஆம் ஆண்டுகளில் மொரோக்கோ நாட்டைச் சுற்றி ஆராய்ந்தார். அதற்காகப் பாரிஸ் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதனினும் பெரிய பரிசு ஒன்றை அவர் அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். நாள்தோறும் வேளை தவறாமல் இறைவன்முன் தலைவணங்கிய இசுலாமிய மக்களின் வழிபாடு அவர் உள்ளத்தை உலுக்கிவிட்டது. பாரிசில் ஆலயங்களுக்குள் சென்று, கடவுள் இருப்பது உண்மையானால் தமக்கு வெளிப்பட வேண்டும் என்று மன்றாடத் தொடங்கினார். 1886 அக்டோபர் இறுதியில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் உவ்லின் என்ற குருவானவரை அணுகி, மறையைப் பற்றி விளக்கம் கேட்டார். குருவானவரோ விளக்கம் கூறாமல், முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். அன்றே நற்கருணையும் வழங்கினார். அந்த முழந்தாளில் தொடங்கியது புதுவாழ்வு.

1890-இல் கடுந்தவத்திற்குப் பெயர்பெற்ற டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் சிரியா நாட்டிலிருந்த ஏழை மடம் ஒன்றுக்குச் சென்றார். ஒருமுறை ஓர் ஏழைத் தொழிலாளியின் மரணத்தையொட்டி அவ்வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அக்குடிசையின் வறுமைமுன் தம் மடத்தின் எளிமை ஒன்றுமில்லை என்று உணர்ந்தார். நம் ஆண்டவர் முப்பது ஆண்டுகள் மறைவாய் உழைத்து வாழ்ந்த நாசரேத்து அவரை அழைத்தது. 1897-இல் அவ்வூரின் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வேலையாளாகி, கருவிகள் வைக்கும் கொட்டிலில் தங்கினார். தம்மைத் தகுதியற்றவராகவே எண்ணிவந்த அவர், 1901 ஜூன் 9-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார்.

அவ்வாண்டின் இறுதியில் அல்ஜீரியப் பாலைவனத்து ஊராகிய பெனி அப்பாசில் குடியேறினார். தனிமையில் செபிக்கும் ஒரு சகோதர இல்லமே அவர் கனவு. மடத்தின் எல்லையைக் குறிக்கச் சிறு கற்களை வரிசையாக அடுக்கினார். அவ்வெல்லையைத் தாண்டுவதில்லை என்று உறுதிபூண்டார். ஆனால் கல்வரிசை யாரைத் தடுக்கும்? நோயாளிகள், பயணிகள், ஏழைகள், போர்வீரர்கள், அடிமைகள் என்று விடியற்காலை முதல் இரவு வரை கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அடிமைகள் சிலரைத் தம்மால் இயன்ற பொருள் கொடுத்து மீட்டார். அடிமை முறையைக் கண்டும் காணாதிருந்த பிரெஞ்சு ஆட்சியாளரைக் கண்டித்து எழுதினார். தட்டிய எவருக்கும் அவர் கதவை மூடவில்லை. இரவில் ஊர் உறங்கியபின் நற்கருணைநாதர்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அந்த இரவுகளே அவருடைய பகல்களைத் தாங்கின.

1905-இல் இன்னும் தெற்கே, துவாரெக் மக்கள் வாழும் தமன்ராசெட்டுக்குச் சென்றார். அன்று அங்கிருந்தவை ஏறக்குறைய இருபது குடிசைகளே. அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய கவிதைகளைத் திரட்டி, அகராதி ஒன்றையும் தொகுத்தார். அவ்வகராதி அவர் மறைவுக்குப் பின் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் ஆன்மாவின் கடுஞ்சோதனையும் அங்கேதான் காத்திருந்தது. உடனிருந்து திருப்பலியில் உதவ ஒருவரும் இல்லாததால், அன்றைய திருச்சபை ஒழுங்கின்படி அவரால் திருப்பலி நிறைவேற்ற இயலவில்லை. 1907-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவும் திருப்பலியின்றிக் கடந்தது. பஞ்சம் வேறு வாட்டியது. இருந்த உணவைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, 1908 சனவரியில் படுத்த படுக்கையானார். அப்போது துவாரெக் மக்கள், வறண்ட நிலமெங்கும் ஆடுகளைத் தேடிச் சென்று, கிடைத்த சிறிதளவு பாலைக் கொண்டுவந்து ஊட்டி அவரைப் பிழைக்க வைத்தனர். கொடுக்கவே வந்தவர் அன்று கைநீட்டிப் பெற்றார். திருப்பலியும் இல்லை, உடல் வலிமையும் இல்லை, தம் பணியால் மனம் மாறியோர் என்று காட்ட ஆட்களும் இல்லை. இறைவன் கையில் தம்மை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியற்ற அந்நிலையில்தான் அவரது அமைதி வேரூன்றியது என்று நாம் கருதுகிறோம். அம்மாத இறுதியிலேயே, தனியாகத் திருப்பலி நிறைவேற்றும் அனுமதியும் உரோமையிலிருந்து கிடைத்தது.

அவரும் தம் காலத்துப் பிரெஞ்சுக்காரரே. படை அதிகாரிகளோடு அவருக்கிருந்த நட்பை இன்று குறையாகச் சொல்வோர் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1916 டிசம்பர் 1-ஆம் நாள் மாலை, அறிமுகமான ஒருவனின் குரலை நம்பிக் கதவைத் திறந்தார். ஆயுதம் தாங்கியவர்கள் அவரைப் பிடித்துக் கட்டினர். காவல் நின்ற இளைஞன் பதற்றத்தில் சுட்டுவிட்டான். நம் தேவசகாயத்தைப் போலவே அவரும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். மூன்று வாரங்களுக்குப் பின் அங்கு வந்த படை அதிகாரி, நற்கருணைக் கதிர்ப்பாத்திரம் மணலில் கிடக்கக் கண்டார்.

சார்லஸ் உயிரோடிருந்தவரை அவரோடு நிலைத்து வாழ ஒரு சீடர்கூட வரவில்லை. ஆனால் 1933-இல் இயேசுவின் சிறிய சகோதரர் சபையும், 1939-இல் இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையும் அவர் காட்டிய வழியில் தோன்றின. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தபின் பலன் தந்தது.

அன்புக்குரிய பங்கு மக்களே! நாமெல்லாரும் பாலைவனம் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. பிள்ளைகளின் சத்தம், கடன்காரரின் குரல், நோயாளியின் முனகல், ஓயாது ஒலிக்கும் கைப்பேசி ஆகிய இவையே நம் கதவைத் தட்டும் ஓசைகள். தட்டுகிறவர்களைத் துரத்திவிட்டு அமைதி தேட வேண்டாம் என்று இப்புனிதர் நமக்குக் கற்பிக்கிறார். ஆயினும் நாள் முடிவில் சிறிது நேரமேனும் ஆண்டவர்முன் வாய் திறவாமல் அமர வேண்டும் என்பதையும் அவரே கற்பிக்கிறார்.

பொன்விழாவின் வாணவேடிக்கை ஓய்ந்து, ஒலிபெருக்கிகளும் தோரணங்களும் இறங்கிய பின்னரும், நம் ஆலயத்தில் நற்கருணைப் பேழையருகே சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன்முன் கால்மணி நேரம் நாம் மௌனமாய் முழந்தாளிடுவோமானால், நம் பங்கு கொண்டாடிய விழாக்களுள் அதுவே சிறந்த விழாவாகும். புனித சார்லஸ் நமக்காக மன்றாடுவாராக!