எர்வின் பிரிங்க் சிமித்

எர்வின் பிரிங்க் சிமித் (ஜனவரி 21, 1854 - ஏப்ரல் 6, 1927) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தாவர நோயியல் அறிஞர் ஆவார். பாக்டீரியாக்கள் தாவரங்களில் நோய் உண்டாக்கக்கூடியவை என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர்களுள் முதன்மையானவர். பயிர்களை வாடச்செய்யும் பல பாக்டீரியாக்களை இனங்கண்டு பெயரிட்டார்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தில் பிறந்த சிமித், இளமையில் குடும்பத்துடன் மிச்சிகனில் குடியேறினார். உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 26. எனினும் அடுத்த ஆண்டே, 1881இல், மிச்சிகன் தாவரங்கள் பற்றிய நூலொன்றின் இணையாசிரியரானார். 1886இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்து இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். பீச் மரங்களின் மஞ்சள் நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தும் அதன் காரணியை அவரால் கண்டறிய இயலவில்லை. அதுவும் ஒருவகைப் பாக்டீரியாவே (பைட்டோபிளாசுமா) என்பது அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

வாடல் நோய் ஆய்வுகள்

வெள்ளரி வாடலின் காரணியை 1895இலும், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வாடலுக்குக் காரணமான பாக்டீரியாவை 1896இலும் சிமித் விவரித்தார். 1898இல் இனிப்புச் சோளத்தின் வாடல் காரணிக்குப் பெயரிட்டார். இந்நோய்களில் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுகிறது. கத்தரிக் குடும்ப வாடலுற்ற தண்டை வெட்டி நீரில் வைத்தால் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கும். உழவரும் செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

செருமனியின் தாவரவியலாளர் ஆல்பிரட் பிஷர், உயிருள்ள தாவரத்தில் பாக்டீரியா நோய் உண்டாக்காது என்று 1897இல் எழுதினார். ஐரோப்பாவில் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அமெரிக்காவில் பேரி மரத்தின் தீக்கருகல் நோய் பற்றி பர்ரில் முன்னரே காட்டியதும் அங்கே எடுபடவில்லை. சிமித் நோயுற்ற செடியிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, தூய நிலையில் வளர்த்து, நலமான செடியில் செலுத்தி, அதே நோயை மீண்டும் உண்டாக்கினார். 1901இல் திசுக்களின் நுண்படங்களுடன் அவர் வெளியிட்ட மறுப்புக்குப் பின் இவ்விவாதம் ஓய்ந்தது.

இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவரது ஆய்வகத்தில் பணியாற்றினர். பெண்களுக்கு அறிவியல் பணி அரிதாகவே கிடைத்த காலம் அது. அவர்களுள் புளோரன்சு ஹெட்ஜஸ் 1922இல் அவரை வாடலின் பாக்டீரியாவை விவரித்தார்.

ஒரு பெயர், பல இனங்கள்

1896இல் சிமித் பெயரிட்ட உயிரி, 1908இல் வட கரோலினாவின் கிரான்வில் பகுதிப் புகையிலை வாடலுக்கும் காரணம் எனக் காட்டப்பட்டது. பின்னர் வாழை, நிலக்கடலை, இஞ்சி என ஓம்புயிர்ப் பட்டியல் நீண்டது. இது 1995 முதல் ரால்சுடோனியா எனப்படுகிறது. மரபணு ஒப்பீட்டால் 2005இல் இதில் நான்கு கிளைகள் வரையறுக்கப்பட்டன: முதலாவது ஆசியாவிலும், இரண்டாவது அமெரிக்காவிலும், மூன்றாவது ஆப்பிரிக்காவிலும், நான்காவது இந்தோனேசியாவிலும் தோன்றியவை எனக் கருதப்படுகின்றன. விதைக்கிழங்கும் நாற்றும் நாடு கடந்து சென்றதால் இவற்றில் சில பிற கண்டங்களுக்கும் பரவின. 2014இல் இவை மூன்று தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. சிமித் இட்ட இனப்பெயர் இரண்டாம் கிளைக்கு மட்டும் நிலைத்தது.

வெள்ளரி வாடல் பாக்டீரியா இன்று எர்வினியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. அப்பேரினப் பெயர் சிமித்தின் நினைவாக இடப்பட்டதாகும்.