2,000 ரூபாய் காரும் 5 மில்லிமீட்டரும்: யார் இந்த ஜி.டி.நாயுடு?

சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் ஓடும்போது மெஷின்காரர் முதலில் பார்ப்பது சாமி படத்தை இல்லை. தாளின் ஓரத்தில் இருக்கும் குட்டி கூட்டல் குறியைத்தான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நாலு கலருக்கும் தனித்தனி குறி. நாலும் ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்காரணும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முருகனுக்கு ரெண்டு உதடு வந்துவிடும்.

கார் செய்வதிலும் இதே தலைவலிதான். நாலு கலருக்குப் பதில் நாலு சக்கரம். இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் கோணினால் வண்டி நேராகப் போகாது.

இன்றைக்குப் பழைய பைக் இன்ஜினை வைத்து வீட்டிலேயே கார் செய்யும் இளைஞர்களின் வீடியோக்கள் வைரலாகின்றன. ஆனால் 1952-லேயே கோவையில் ஒருவர் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கிவிட்டார். விலை 2,000 ரூபாய். அவர்தான் ஜி.டி.நாயுடு. 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10 கி.மீ. மேம்பாலத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான்.

பிரித்துப் போட்ட பைக்

1893 மார்ச் 23. கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டார்.

ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மாடு இழுக்காமல் ஓடும் வண்டியைப் பார்த்ததும் பையனுக்குத் தூக்கம் போச்சு. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார் என்பது கோவையில் இன்றும் சொல்லப்படும் கதை. வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை அக்கக்காகப் பிரித்து மறுபடி மாட்டினார். எந்தப் பாகம் எதோடு எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதைக் கைவிரலால் படித்துக்கொண்டார். அவருக்கு அதுதான் பாலிடெக்னிக்.

1920-ல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ். பொள்ளாச்சி - பழனி ரூட். டிரைவரும் அவரேதான். சில ஆண்டுகளில் அந்த ஒற்றை பஸ், யூ.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

இடைவெளிதான் விஷயம்

1937-ல் பீளமேட்டில் இருந்த இவரது நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸில் இருந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் வெளிவந்தது. வடிவமைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. மோட்டாரில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கலாம். உள்ளே சுழலும் பாகத்துக்கும் வெளியே நிற்கும் பாகத்துக்கும் நடுவில், சின்ன மோட்டார்களில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. இடைவெளி கூடினால் திறன் குறையும். ஒரு பக்கம் குறைந்தால் உரசும். கண்ணளவில் செய்கிற வேலை இல்லை அது.

பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மெல்லிசான பிளேடு, சினிமா கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று இவரது பட்டியல் நீளம். ‘அதிசய மனிதர்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கம். அதைவிட, அளவு பிசகாத மனிதர் என்று சொன்னால்தான் பொருத்தம். இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை அளவு தப்பினால் வேலை செய்யாதவை.

சேஸிஸில் என்ன கஷ்டம்?

எளிமையாகப் பார்ப்போம். 2,400 மி.மீ. நீளம், 1,000 மி.மீ. அகலத்தில் நாலு இரும்புக் குழாயை வெட்டிச் செவ்வகமாக வெல்டிங் செய்கிறோம். நாலு பக்கமும் டேப் பிடித்தால் அளவு சரி. அப்படின்னா சட்டமும் சரியா?

இல்லை. வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கி ஒரு பக்கமாக இழுக்கும். நாலு பக்க அளவும் மாறாமலே செவ்வகம் சாய்ந்து போகலாம். இதைக் கண்டுபிடிக்க வழி, நம்ம கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது செய்வதுதான்: மூலைக்கு மூலை அளப்பது. மேலே சொன்ன சட்டத்தில் ரெண்டு மூலைவிட்டமும் 2,600 மி.மீ. வரணும். ஒரு பக்கக் குழாய் இன்னொன்றைவிட வெறும் 5 மி.மீ. பின்தங்கினால், ஒரு மூலைவிட்டம் ஏறக்குறைய 2,605 காட்டும்; மற்றது 2,595. வித்தியாசம் 9 மி.மீ.க்கு மேல். பக்கத்தை அளந்தால் ஒளிந்துகொள்ளும் தவறு, குறுக்கே அளந்தால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகத் தெரியும்.

அந்த 5 மி.மீ.யை அப்படியே விட்டால் பின்சக்கரங்கள் லேசாக வேறு திசையைப் பார்க்கும். நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டணும். டயர் சீக்கிரம் தேயும்.

மூலைவிட்டமும் எல்லாத்தையும் பிடிக்காது. ஒரு மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டால் அளவு மாறவே மாறாத மாதிரி இருக்கும். அதுக்கு சமதளத்தில் வைத்து மட்டம் பார்க்கணும். தண்ணீர் ட்யூப் போதும். அதனால்தான் அனுபவசாலிகள் முழு வெல்டிங்கை ஒரே மூச்சில் போடுவதில்லை. முதலில் பொட்டு வைத்த மாதிரி அங்கங்கே தொட்டுவிட்டு, அளந்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

லைசென்ஸ் கிடைக்கவில்லை

நாயுடுவின் கார் ஓடியது. ஆனால் உற்பத்திக்கு அரசு அனுமதி தரவில்லை. தொழில்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் அமலுக்கு வந்ததும் அதே 1952-ல்தான். எதைத் தயாரிக்கவும் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும் என்ற காலம் அது.

இதில் இழப்பு ஒரு மலிவு கார் மட்டும் இல்லை. ஒரே ஒரு காரைச் செய்பவர் தப்பைத் தட்டி, வளைத்து, கைப்பக்குவத்தில் சரிக்கட்டிவிடலாம். ஆயிரம் கார் என்றால் ஒவ்வொரு குழாயையும் அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் ‘ஜிக்’ வேண்டும். அதைச் செய்யவும், அளக்கவும் ஒரு தலைமுறைத் தொழிலாளிகளைப் பழக்க வேண்டும். நாயுடுவின் கார் அந்தப் பரீட்சையை எழுதவே விடப்படவில்லை.

கல்வியிலும் இதே மோதல். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமானார். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, பட்டறையில் பழக்கினால் ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, பொறுப்பில் இருந்து விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கோவையில் ‘ஹோப் காலேஜ்’ ஸ்டாப் பெயர் வந்த கதையும் இதுதான்.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார்.

இப்போ வீட்டிலேயே கார் செய்தால்?

செய்யலாம், ரோட்டில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி புது மாடல் வாகனத்தின் மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதனையில் தேறணும். சென்னை அருகே ஒரகடத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு வேறு வழி உண்டு. அவர்கள் தாங்களே சேஸிஸ் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா பாரத், நாயுடுவின் ஊரான கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்தப்பட்டு வருகிறது. இந்த வகைப் போட்டிகளில் ரேஸுக்கு முன்னாடி, டிரைவர் உட்காரும் இடத்துக்குள் ஓர் அளவுத் தகட்டை இறக்கிப் பார்ப்பார்கள். சட்டம் குறுகியிருந்தால் தகடு இறங்காது. கார் டிராக்குக்கும் போகாது.