சம்பளம் வாங்கிய புனிதர்



திருப்பரங்குன்றத்திலிருந்து தெற்கே பேருந்து ஏறினால், விருதுநகர், கோவில்பட்டி, நெல்லை எல்லாம் கடந்து நான்கைந்து மணி நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்துவிடும். காற்றாலைகளை வேடிக்கை பார்த்தபடி கடந்து போகிறோம். பக்கத்திலிருக்கும் காற்றாடிமலையில்தான் மறைசாட்சி தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது?

புனித வாழ்வு பற்றிப் பேச்செடுத்தாலே, அது குருக்களுக்கும் அருள்சகோதரிகளுக்கும் உரியது என்று நம் மக்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். தேவசகாயம் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மணமானவர். மன்னரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தார். வேலை இருவரையும் நண்பர்களாக்கியது. பயிரும் மாடும் அழிந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்த நாள்களில், யோபுவின் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னார். கவனியுங்கள், மறையுரை மேடையிலிருந்து அல்ல, உடன் வேலை பார்த்த ஒரு பொதுநிலையினரின் வாயிலிருந்துதான் நற்செய்தி அவரிடம் வந்தது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்பணியாளர் புத்தாரியிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பதன் தமிழாக்கமே தேவசகாயம். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன்பின் அவர் அற்புதம் எதையும் செய்யவில்லை. அதே வேலைக்குத்தான் போய் வந்தார். ஆனால் சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், உடன் அமர்ந்து உண்டார். இன்று இது நமக்குச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். எந்தச் சாதியார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த நாடு அன்றைய திருவிதாங்கூர். அரண்மனையிலேயே அவருக்குப் பகை வளர்ந்தது. அரசுக்குத் துரோகம் செய்தார் என்ற பழியும் சேர்ந்தது. 1749 பிப்ரவரி 23 அன்று கைதானார். எருமை மேல் பின்புறம் பார்த்து அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டி வைத்தார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை கிடைத்திருக்கும். மூன்று ஆண்டுகள் அசையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானபோது அவருக்கு வயது 39. உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்குள் சாதி பிரிக்கச் சுவர் வைத்தோம். அது இடிக்கப்பட்டது 1910இல்தான். சாதி மறுத்தவரை மறைசாட்சி என்று வணங்கிக்கொண்டே நற்கருணை வாங்கத் தனித்தனியாக நின்றவர்கள் நம் முன்னோர்தாம். சுவர் போய்விட்டது. தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. திருமண ஓலை வாசிக்கும்போது முதலில் ஊரையும் பிறகு சாதியையும் கணக்குப் போடும் முகங்களைப் பீடத்திலிருந்து நான் பார்க்கிறேன். குருக்களாகிய நாங்களும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டமும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டம் அப்போது விடப்பட்டிருந்தது. அதை நீக்கச் சொல்லிப் பலர் உரோமைக்கு எழுதியிருந்தார்கள். புனிதரான முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே.

ஞானப்பூவுக்குப் பட்டமும் இல்லை, திருவிழாவும் இல்லை. கணவர் கைதானபின் ஊராரின் பழிச்சொல்லைச் சுமந்தவர் அவர். வடக்கன்குளத்தில் கைம்பெண்ணாக வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. ஆரல்வாய்மொழிக்குத் திருப்பயணம் போகிறவர்கள், வழியில் வடக்கன்குளத்திலும் இறங்கி அவருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டுப் போகலாம்.